கடல் மாறுகிறது, கரை குறைகிறது: நீரோடி – பொழியூர் எல்லைக் கடற்கரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கரையில் பிறந்தவன் நான். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கொல்லங்கோடு, ஊரம்பு பக்கமெல்லாம் நடந்து மீன் விற்றவர். சில வருடங்களாக ஊர் இளைஞர்களோடு சேர்ந்து, வானிலைச் செய்தியைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைச் செய்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், மார்த்தாண்டம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் உட்காரவைத்துக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் பதில்களை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

எந்தக் கரையைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி. இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். நீரோடியைத் தாண்டிக் கால் வைத்தால் கேரளத்தின் தெற்குக் கொல்லங்கோடும் பொழியூரும். நடுவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை, ஒரே மணல்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்பு எல்லாமே திருவிதாங்கூர். அன்றைக்கு விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பெண் கொடுத்தல், பெண் எடுத்தல், வலை, வள்ளம், கடன் எல்லாம் இன்றைக்கும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் போய்வருகின்றன. பேச்சும் அப்படித்தான், எங்கே தமிழ் முடிந்து மலையாளம் தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

காலநிலை மாற்றம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் கண்ணால் கண்டது என்ன?

மூன்று விஷயங்கள். ஒன்று, மீன் வழக்கமான மாதத்தில் வழக்கமான இடத்தில் இல்லை. இரண்டு, காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. மூன்று, கரை குறைந்துகொண்டே போகிறது. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் பெரியது. மீன் இல்லாத வருடத்தை எங்கள் ஆட்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள், எப்படியோ தாண்டியும் இருக்கிறார்கள். வள்ளம் ஏற்றிவைக்க மணல் இல்லாத நிலைமையை முன்பு பார்த்ததில்லை.

கடல் சூடாவது மீனை என்ன செய்கிறது?

அரபிக்கடலும் அதை ஒட்டிய மேற்கு இந்தியப் பெருங்கடலும் உலகத்திலேயே வேகமாகச் சூடாகும் கடல்களில் சேர்ந்தவை. 1901 முதல் 2012 வரையிலான கணக்கில், மேற்கு இந்தியப் பெருங்கடலின் கோடைக்கால மேற்பரப்பு வெப்பம் சுமார் 1.2 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது. கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும். ஆனால் நம் உடம்புச் சூடு ஒரு டிகிரி ஏறினாலே படுத்துவிடுகிறோம் இல்லையா.

எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேல்தண்ணீர் விலகி, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் எழும்பி வரும். அதில்தான் சத்து இருக்கிறது. அந்தச் சத்தில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் பெருகும், அதைத் தின்ன சாளை வரும், சாளையின் பின்னாலே பெரிய மீன் வரும். மேல்தண்ணீர் சூடானால் அது மூடி போட்டதுபோல மேலேயே நின்றுவிடும், அடித்தண்ணீர் எழும்புவது குறையும். மேற்கு இந்தியப் பெருங்கடலில் ஆறு பத்தாண்டுகளில் இந்த மிதவைப் பயிர் சில இடங்களில் 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சாளையின் கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். மலபாரில் மத்தி என்பார்கள், நமக்குச் சாளை. 2012இல் கேரளக் கரையில் இறங்கிய நெய்ச்சாளை கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன். 2021இல் இறங்கியது வெறும் 3,297 டன். நூறில் ஒரு பங்குகூட இல்லை. மறுபடி ஏறி 2023இல் 1.38 லட்சம் டன் ஆனது. இதற்கு வெப்பம் மட்டும் காரணம் இல்லை. எல்நினோ என்ற பசிபிக் கடல் வெப்ப மாற்றம் உண்டு, குஞ்சையும் விடாமல் அள்ளியதும் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தில் ஒரு சின்ன வள்ளக்காரர் எதை நம்பி வலைக்குக் கடன் வாங்குவார்?

இன்னொன்றும் நடந்திருக்கிறது. 1980களுக்கு முன்பு நெய்ச்சாளை பெரும்பாலும் கேரள, கர்நாடகக் கரையின் மீன். அதற்குப் பிறகு கிழக்குக் கரை வரைக்கும் அது பரவியிருக்கிறது. அயிலை, அதாவது கானாங்கெளுத்தி, ஆழத்துக்கு இறங்குகிறது. மேலே மிதந்து திரிந்த மீன் கீழே போனால், மேல்மட்டத்தில் விரிக்கும் வலைக்காரருக்கு அந்த மீன் கடலில் இருந்தும் இல்லாததுதான்.

அப்படியானால் வலையை மாற்றிக்கொண்டால் போதாதா?

மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் சாளைவலை, நெத்திலிவலை, கணவாய்த் தூண்டில், ஆழத்தில் போடும் தூண்டில் என்று நாலைந்து வகை இருக்கும். நெத்திலி இல்லாத வாரம் கணவாய்க்குப் போவார்கள், கணவாய் இல்லாவிட்டால் பாரில் கலவா, விளமீன் பார்ப்பார்கள். பார் என்பது கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. தூண்டில் வேலையில் இந்தத் தென்கரைக்காரர்களின் கை தனிக் கை. ஒரே வகை வலையை நம்பி இருக்கிற பெரிய விசைப்படகைவிட, பலவகை தெரிந்த சின்ன வள்ளக்காரர் மாறுகிற கடலில் தாக்குப்பிடிப்பார் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் ஒவ்வொரு வலைக்கும் பணம் வேண்டும். சில நாட்களில் வலை முழுக்கச் சொறி என்கிற ஜெல்லிமீன்தான் ஏறும், கை கால் எரியும். இன்னும் சில நாட்களில் பேத்தை என்கிற பலூன்மீன் கூட்டம் வந்து வலையைக் கடித்துக் குதறிவிட்டுப் போகும். அதைத் தைத்துப் பொத்தி எடுக்க இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் வலையை விரித்துப்போட்டு உட்கார நிழலும் மணலும் வேண்டும். நான் எங்கே தொடங்கினாலும் கரையில் வந்து முடிகிறேன், தெரிகிறதல்லவா.

பழைய கணக்குகள் இன்னும் பலிக்கின்றனவா?

பாதி பலிக்கின்றன. என் பாட்டா விடியற்காலையில் எழுந்து கரையில் நின்று காற்றைப் பார்ப்பார், தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். நீவாடு என்றால் நீரோட்டம். வாடை எப்போது, கச்சான் எப்போது, எந்தக் காற்றுக்கு எந்த மீன் என்று மாதக் கணக்கு அவர் வாயிலேயே இருக்கும். அந்த மாதக் கணக்குதான் இப்போது தவறுகிறது. ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: “மக்கா, காற்று பொய் சொல்லாது. ஆனா இப்ப அது வேற பாஷை பேசுது.” அவர் அதை வருத்தத்தோடு சொன்னார்.

மாறாதது கணிச்சம். நடுக்கடலில் நின்று கரையில் தெரியும் ஒரு மலை உச்சியையும் ஒரு கோயில் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களைச் சேர்த்து, பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கலை அது. இப்போது ஜி.பி.எஸ். கருவி எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் எந்தப் பாரில் எந்த நீவாட்டுக்கு எந்த மீன் கூடும் என்பது கருவியில் இல்லை, ஆளிடம்தான் இருக்கிறது. பெரியவர்கள் இருக்கும்போதே அதை எழுதிவைக்க வேண்டும். நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவருகிறோம்.

ஒக்கிப் புயலில் என்ன நடந்தது?

2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கையின் தென்கிழக்குக் கரையோரம் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலையில் குமரிமுனைக்குப் பக்கத்தில் புயலாகிவிட்டது. ஒரே நாள். சின்ன வள்ளங்கள் 29ஆம் தேதி சாயங்காலம் வழக்கம்போலப் போயிருந்தன. எங்கள் எட்டு ஊர்களின் ஆழ்கடல் படகுகளோ சுறாவுக்கும் சூரைக்கும் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டு, எந்தக் கைபேசியும் எட்டாத தூரத்தில் இருந்தன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் சேர்த்து முந்நூறுக்கு மேல்.

என் சித்தப்பா மகன் அதில் ஒருவன். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது, சட்டப்படி ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு மேஜையில் சொன்னார்கள். பிறகு அரசு சிறப்பு ஆணை போட்டு, 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வந்தது. அந்தப் பணத்தை வாங்கும்போது சித்தி கையெழுத்துப் போடவில்லை, ரேகைதான் வைத்தார். படிக்கத் தெரிந்தவர் அவர். அன்றைக்குக் கை ஓடவில்லை.

ஒக்கி தனியாக வந்த ஒன்று அல்ல. 2001 முதல் 2019 வரை அரபிக்கடலில் புயல்களின் எண்ணிக்கை அதற்கு முந்தைய இருபது வருடங்களைவிட 52 சதவீதம் கூடியிருக்கிறது. வங்காள விரிகுடாவில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. புயல் என்றால் கிழக்குக் கரைக்கு என்ற நினைப்பில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நினைப்பே எங்களுக்கு ஆபத்தாகிவிட்டது.

இப்போது எச்சரிக்கை சரியாக வருகிறதா?

முன்னைவிட நன்றாக வருகிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசுக் கடல் தகவல் மையம் அலை உயரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்கிறது. மீன் கூடக்கூடிய இடங்களையும் செயற்கைக்கோள் படம் பார்த்துச் சொல்கிறது. ஆனால் மேகம் மூடினால் அந்தப் படம் கிடைக்காது. தவிர, அது காட்டும் இடம் பலநேரம் சின்ன வள்ளம் போய்வர முடியாத தூரத்தில் இருக்கும், எண்ணெய்ச் செலவுக்குக் கட்டாது.

சிக்கல் கடைசி அரை கிலோமீட்டரில்தான். நீரோடிக்கு வானிலைச் செய்தி சென்னையிலிருந்து தமிழில் வருகிறது. அடுத்த மணலில் இருக்கும் பொழியூருக்குத் திருவனந்தபுரத்திலிருந்து மலையாளத்தில் வருகிறது. கடல் ஒன்று, செய்தி இரண்டு. ஒரு பக்கம் போகாதே என்று சொல்லி இன்னொரு பக்கம் சும்மா இருந்தால், எல்லைக்காரர் எதை நம்புவார்? அதனால் நாங்கள் இரண்டு அறிக்கைகளையும் இன்காய்ஸ் அலை அறிக்கையையும் சேர்த்துப் பார்த்து, எங்கள் பேச்சுமொழியில் ஒரு நிமிடக் குரல்பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். சாயங்காலம் கோயில் ஒலிபெருக்கியில் படிக்கிறார்கள். “2.5 மீட்டர் அலை” என்று சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. “வள்ளம் இறக்கும்போது முன்தலை தூக்கும், பொழிமுகத்தில் போகாதீர்கள்” என்றால் நிற்கும். பொழிமுகம் என்றால் ஆறு கடலில் சேரும் வாய்.

கடலுக்குள் போன பிறகு கைபேசி கொஞ்ச தூரத்துக்குத்தான். அப்புறம் வயர்லெஸ் செட். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியை நாடு முழுக்க 1 லட்சம் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஒக்கி அன்று அது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

கள்ளக்கடல் என்றால் என்ன?

திருடனைப்போலச் சொல்லாமல் வரும் கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளிறிக் கிடக்கும், ஆனால் கடல் பொங்கி வீட்டுக்குள் வரும். காரணம் எங்கோ தெற்கே இருக்கிறது. பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தென் பெருங்கடலில் பெரிய காற்று அடித்தால் அங்கே எழும் நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறும். இந்தச் சொல் நம் கரையின் சொல். 2012இல் யுனெஸ்கோ இதை அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. எங்கள் பாட்டிமார் சொன்ன வார்த்தை உலக அறிக்கைகளில் வருகிறது என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு.

2024 மார்ச் 31ஆம் தேதி, உயிர்ப்பு ஞாயிறு அன்று, கேரளக் கரை நெடுக இப்படித்தான் ஏறியது. இந்தப் பக்கத்து ஊர்களிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அதே வருடம் மே 6ஆம் தேதி, எச்சரிக்கை இருந்த நாளில், குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். இப்போது இன்காய்ஸ் கள்ளக்கடலை முன்கூட்டியே சொல்கிறது. அந்த எச்சரிக்கை வந்தால் வள்ளங்களைக் கயிறு போட்டு மேலே இழுத்துக் கட்டுகிறோம். மேலே இழுக்க இடம் இருக்கும் ஊர்களில்.

கரையைக் கடல் எடுப்பது காலநிலையாலா, கட்டுமானங்களாலா?

இரண்டாலும். இதை ஒன்றாக மட்டும் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அது உண்மை. ஆனால் எங்கள் ஊர்களில் ஒரே பருவத்தில் தெருவே காணாமல் போயிருக்கிறது. அதற்கு 20 சென்டிமீட்டரை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

கரை மணல் ஓரிடத்தில் நிற்காது. பருவத்துக்குத் தகுந்தபடி கரையோரமாக நடந்துகொண்டே இருக்கும், ஆனி ஆடியில் போகும், மார்கழி தை வாக்கில் திரும்பி வரும். குறுக்கே கல் போட்டால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் தேயும். நீரோடிப் பக்கம் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பு, கட்டினார்கள், அங்கே வீடுகள் நிற்கின்றன. அதனால்தான் எங்கள் கரை போனது என்று பொழியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். அங்கே கண்ணெதிரே வீடுகள் விழுந்திருக்கின்றன, கடலோரச் சாலை உடைந்திருக்கிறது. நான் நீரோடிப் பக்கத்து ஆள், என் அக்கா பொழியூரில் வாழ்க்கைப்பட்டவர். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பேசும்போது எனக்கு வாய் எழாது. தமிழ்நாடு தன் எல்லை வரை ஒரு திட்டம் போடுகிறது, கேரளம் தன் எல்லையிலிருந்து ஒரு திட்டம் போடுகிறது. மணல் நடக்கும் பாதை முழுவதையும் ஒன்றாகப் பார்த்து ஒரே திட்டம் போட வேண்டும். எத்தனை மனுவில் இதை எழுதினோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டோம்.

கிழக்கே தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தையும் சொல்ல வேண்டும். ஆற்றுமுகத்தில் மணல் சேர்ந்து, உள்ளே நுழையும் இடத்திலேயே படகுகள் கவிழ்ந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். நடுக்கடலில் தப்பிவந்தவன் வீட்டு வாசலில் விழுந்தது போன்றது அது.

கல்சுவர் கட்டினால் வீடு தப்புமே?

வீடு தப்பும், தொழில் போகும். பாறாங்கல் சுவர் வந்த இடத்தில் கரமடி இழுக்க முடியாது. முப்பது நாற்பது பேர் இரண்டு பக்கமும் கயிறு பிடித்து மணலில் நின்று இழுக்கும் மடி அது. வயதானவர்கள், கடலுக்குப் போக முடியாதவர்கள், படிக்கிற பையன்கள் என்று யார் வந்து கயிறு பிடித்தாலும் ஒரு பங்கு கிடைக்கும். ஊரின் ஏழைகளுக்குக் கடைசித் துணை. கல் வந்த பிறகு வள்ளம் இறக்கவும் இடம் இல்லை, நெத்திலி காயப்போடவும் இடம் இல்லை. பக்கத்துத் துறைமுகத்தில் வள்ளத்தை விட்டுவிட்டு ஆட்டோவில் போய்வருகிறார்கள், தினமும் அந்தச் செலவு.

அதற்காகக் கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அலை சுவரில் அடிக்கும் வீட்டில் பிள்ளையோடு படுத்திருப்பவரிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வள்ளம் இறக்க இடைவெளி விட்டுக் கட்டலாம், துறைமுகத்தில் தோண்டும் மணலைத் தேய்ந்த கரையில் கொண்டுவந்து கொட்டலாம் என்றுதான் கேட்கிறோம்.

கடலை விட்டுத் தள்ளிக் குடியேறலாமே?

கேரளத்தில் புனர்கேகம் என்ற திட்டம் இருக்கிறது. அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் குடும்பம் இடம் மாறினால் 10 லட்சம் ரூபாய், அதில் நிலத்துக்கு 6 லட்சம், வீட்டுக்கு 4 லட்சம். சிலர் போயிருக்கிறார்கள், நிம்மதியாகத் தூங்குவதாகச் சொல்கிறார்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கடலோரத்தில் 6 லட்சத்துக்கு நிலம் எங்கே கிடைக்கும்? இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் விடியற்காலையில் கடலைப் பார்க்க முடியாது, வலையை வைக்க முடியாது, அவசரத்துக்கு வள்ளத்தை இழுக்க ஓடிவர முடியாது. வீட்டை மட்டும் மாற்றாமல், கரையில் வலை வைக்கவும் வள்ளம் நிறுத்தவும் அதே குடும்பத்துக்கு உரிமையான இடத்தையும் எழுதிக் கொடுத்தால் நிறையப்பேர் போவார்கள். அந்த இடம் விடுதிக்காரர் கைக்குப் போய்விடுமோ என்ற பயம்தான் பலரை நிறுத்திவைத்திருக்கிறது.

பெண்களுக்கு இதனால் என்ன?

கேட்டதற்கு நன்றி, நிறையப்பேர் கேட்பதில்லை. மீன் குறைந்தால் முதலில் அடி விழுவது கரையில் ஏலம் எடுத்துக் கூடையில் விற்கும் பெண்களுக்கு. சின்ன வள்ளத்து மீன் வந்தால் ஐம்பது பெண்கள் பங்கு போட்டு எடுப்பார்கள். அது வராமல் துறைமுகத்தில் மொத்தமாக இறங்கினால் லாரிக்காரர் எடுப்பார். வெயில் கூடியதால் மீன் சீக்கிரம் கெடுகிறது, ஐஸுக்குக் கூடுதல் காசு. எதிர்பாராத மழையில் மணலில் காயப்போட்ட நெத்திலி அழுகிப்போகும், ஒரு வாரச் சம்பாத்தியம் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

இதற்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சூரிய உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது. மழையிலும் காயும், மணல் ஒட்டாது, விலையும் கூடக் கிடைக்கும். ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாகாது, நாலைந்து பேர் சேர்ந்த குழுவுக்குக் கட்டுப்படியாகும். உயரமான தட்டில் வலை விரித்துக் காயவைப்பதுகூட நல்ல மாற்றம்தான். என் அம்மா வயதுப் பெண்கள் முதலில் தயங்கினார்கள். இப்போது கருவாட்டில் மணல் இல்லை என்று சந்தையில் அவர்களே சொல்லி விற்கிறார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் உங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்படி?

தமிழ்நாட்டு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள். இது விசைப்படகுகளுக்கு, சின்ன வள்ளங்கள் போகலாம். ஆனால் அந்த இரண்டு மாதமும் கடல் கொந்தளிக்கும் மாதம், கரையும் தேயும் மாதம், எச்சரிக்கை வந்தால் வள்ளமும் போகாது. போக முடியாத நாட்கள் கூடிக்கொண்டே போகும்போது, அன்றாடம் சம்பாதிப்பவருக்கு அந்த நாளுக்கு ஒரு தொகை கொடுக்காமல் போகாதே என்று மட்டும் சொல்வது நியாயம் இல்லை. பசித்தவன் எச்சரிக்கையை மீறுவான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

செயற்கைப் பார் பயன் தருகிறதா?

தருகிறது என்றே தூண்டில்காரர்கள் சொல்கிறார்கள். பொழியூர் முதல் வர்க்கலை வரை திருவனந்தபுரம் மாவட்டத்தின் 42 மீனவ ஊர்களுக்கு நேரே கடலில் கான்கிரீட் பார்களை இறக்கினார்கள். பாசி பிடித்து, சின்ன மீன் வந்து, அதன் பின்னால் கலவா வரும். விசைப்படகு அடியில் இழுத்துச் செல்லும் இழுவைமடி அதன்மேல் போனால் கிழியும் என்பதால் அந்த இடம் தானாகவே காவல் பெறுகிறது. இறக்கும் இடத்தை அந்த ஊர்ப் பெரியவர்களின் கணிச்சம் கேட்டு முடிவு செய்தால்தான் பலன். மணலில் புதைந்துபோகும் இடத்தில் போட்டால் காசுதான் வீண்.

காப்பீடு உண்டா?

ஆளுக்கு உண்டு. மத்தியத் திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய். பதிவைப் புதுப்பித்து வைத்திருங்கள், வாரிசு பெயரைச் சரிபாருங்கள். சின்ன வள்ளங்கள் பெரும்பாலும் காப்பீடு இல்லாமலே கடலில் இறங்குகின்றன.

வாங்கிச் சாப்பிடும் நாங்கள் என்ன செய்யலாம்?

குஞ்சு மீனை வாங்காதீர்கள். கேரளத்தில் 58 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். சாளை 10 சென்டிமீட்டர், அயிலை 14. விரலைவிடச் சின்னதாக இருக்கும் சாளை உங்கள் சட்டிக்கு வரக்கூடாது. சாளையும் நெய்மீனும் மட்டும் கேட்காமல், அன்றைக்குக் கரையில் என்ன வந்ததோ அதை வாங்குங்கள். கிளாத்தியும் வாளையும் நல்ல மீன்கள், குழம்புக்கு ஒரு குறையும் இல்லை. கூடைக்காரப் பெண்ணிடம் பேரம் பேசும்போது அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் கரையை அளக்கிறீர்களாமே, எப்படி?

எளிதுதான். கோயில் கொடிமரத்தடியில் ஒரு பெயிண்ட் கோடு போட்டிருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும், அங்கிருந்து அலை ஏறிய ஈரக்கோடு வரை டேப் பிடித்து அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுகிறோம். பொழியூரில் என் அக்கா மகன் அதே நாளில் அங்கே அளக்கிறான். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரியத் தொடங்குகிறது. அடுத்த முறை இரண்டு மாவட்ட அதிகாரிகளிடமும் மனுவோடு இந்த நோட்டுகளின் நகலையும் கொடுக்கப்போகிறோம். நான் சின்னப் பையனாக இருந்தபோது கோயிலுக்கு முன்னால் வள்ளங்கள் மூன்று வரிசையாக ஏறி நிற்கும், அதற்கும் அப்பால் நாங்கள் பந்து விளையாடுவோம். இப்போது ஒரு வரிசைதான், அதுவும் ஆடியில் கிடையாது. அளக்க வர விரும்புகிறவர்கள் பூசை முடியும்போது கொடிமரத்தடிக்கு வாருங்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க எப்போதும் ஒரு ஆள் குறைவாகத்தான் இருக்கிறது.